வெளி மாநிலம், கம்ப்யூட்டர் சயின்ஸ்: ஒரு விண்ணப்பம் கடக்கும் இரண்டு வாசல்கள்

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி விடும்வரை கார் நிறுத்துமிடத்தில் காத்திருக்கும் பெற்றோர்களின் பேச்சு, அக்டோபர் பிறந்துவிட்டால் கல்லூரி விண்ணப்பத்தில்தான் வந்து நிற்கும். பையன் பன்னிரண்டாவது படிக்கிறான். பாடமெல்லாம் ஏ, எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1600 க்கு 1550, கல்லூரித் தரத்தில் பத்துப் பன்னிரண்டு ஏபி பாடங்கள், ரோபோடிக்ஸ் குழு, கோடையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி. "சியாட்டில், இல்லினாய், ஜார்ஜியா டெக், ஆஸ்டின், பெர்க்லி, எல்லாத்துக்கும் போடுறோம். ஒண்ணாவது கிடைக்காமலா போயிடும்?"

நியூ ஜெர்சியிலிருந்தோ ஒஹாயோவிலிருந்தோ கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு வசந்த காலத்தில் பதில் வருகிறது. பல வீடுகளில் அத்தனை கதவும் சில வாரங்களுக்குள் சாத்தப்படுகிறது. அப்போது பதினேழு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறதே, அதுதான் என்னை எழுத வைக்கிறது. "எனக்கு அந்த அளவுக்குத் திறமை இல்லை போல" என்று அது நினைத்துக்கொள்கிறது. பெற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக அதை நம்பத் தொடங்குகிறார்கள். உண்மையில் அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் ஒரே நேரத்தில் இரண்டு குறுகிய வாசல்களைக் கடக்க வேண்டியிருந்தது. ஒன்றை மாநிலச் சட்டசபை கட்டியது, மற்றொன்றைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை கட்டியது. இரண்டையும் தனித்தனியே பார்த்தால்தான் எங்கே போடலாம், எங்கே போட்டால் வெறும் விண்ணப்பக் கட்டணம்தான் மிச்சம் என்பது புரியும்.

முதல் வாசலை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாக விளக்கிவிடலாம். திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு, மறுபாதி மற்ற மாநிலத்தவர்களுக்கு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். அதே தர்க்கம்தான் அமெரிக்காவிலும். வாஷிங்டன் பல்கலைக்கழகம், இல்லினாய் பல்கலைக்கழகம், டெக்சஸ் பல்கலைக்கழகம் எல்லாம் அந்தந்த மாநில மக்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. தன் வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை, வேறு மாநிலத்துப் பிள்ளைக்கு இருக்கிறது என்று ஒரு வாக்காளர் தன் பிரதிநிதியிடம் போய் நின்றால், அந்தக் கோபம் நேரே பல்கலைக்கழகத்தின் பட்ஜெட்டில் விழும்.

இதில் மிகக் கறாரானது நார்த் கரோலைனா. 1986 முதல் அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களின் முதலாமாண்டு வகுப்பில் வெளி மாநிலத்தவர் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பிற்காலத்தில் சில வளாகங்களுக்கு மட்டும் அது தளர்த்தப்பட்டது, முதன்மை வளாகமான சேப்பல் ஹில்லுக்குத் தளரவில்லை. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வரம்பைத் தாண்டியதற்காக 2016 இல் அந்த வளாகம் 10 லட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. அப்புறம் எந்த சேர்க்கை அதிகாரியாவது நல்ல மாணவர் என்று இரக்கப்பட்டு ஒருவரைக் கூடுதலாக எடுப்பாரா? சேப்பல் ஹில்லுக்கு விண்ணப்பிக்கும் வெளி மாநிலத்தவரில் இப்போது நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இதைப்போல நான்கு மடங்கு.

டெக்சஸ் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1997 இல் வந்த சட்டம், பள்ளியில் முதல் பத்து சதவீதத்தில் வரும் டெக்சஸ் மாணவர் எவருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்றது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் இதனால் நிரம்பி வழிந்ததால் 2009 இல் அதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள். அந்த அளவுகோல் சுருங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர் பருவத்தில் சேர்கிறவர்களுக்கு முதல் ஐந்து சதவீதம் என்று நிற்கிறது. முதலாமாண்டு இடங்களில் 90 சதவீதம் டெக்சஸ்காரர்களுக்கே. மிஞ்சுகிற பத்துக்குள்தான் மற்ற 49 மாநிலங்களும் வெளிநாடுகளும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முதல் ஐந்து சதவீதத்தில் வந்த டெக்சஸ் பிள்ளைக்கே பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியே தவிர, கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் உறுதி கிடையாது. வீட்டுப் பிள்ளைக்கே அந்த நிலை என்றால் வெளியிலிருந்து வருகிறவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் பணம் எப்படி இந்த வாசலைத் திறந்து மூடுகிறது என்பது அதில் தெரிகிறது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் மாநில அரசு பல்கலைக்கழகங்களுக்கான நிதியைக் கடுமையாக வெட்டியது. அந்தப் பள்ளத்தை அடைக்க வெளி மாநிலத்தவரிடமும் வெளிநாட்டவரிடமும் கூடுதல் கட்டணம் வாங்குவது எளிதாக இருந்தது. நூற்றுக்கு ஐந்தாறு பேராக இருந்த வெளியாட்கள் பத்தாண்டுகளுக்குள் 16, 17 ஆனார்கள். பெற்றோர்கள் கொதித்தார்கள். 2016 இல் மாநிலத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, வெளியாட்களுக்காக உள்ளூர் மாணவர்களின் நலன் விட்டுக்கொடுக்கப்பட்டது என்று கடுமையாகச் சொன்னது. அடுத்த ஆண்டே பல்கலைக்கழக ஆட்சிக்குழு 18 சதவீத வரம்பை வைத்தது. ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்த பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற வளாகங்கள் இருந்த அளவிலேயே நின்றுகொள்ள அனுமதி கிடைத்தது. 2021 பட்ஜெட்டில் அதுவும் மாறியது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் ஆண்டுக்கு ஆண்டு வெளியாட்களைக் குறைத்துக்கொண்டு 18 க்கு வர வேண்டும், இழக்கும் கட்டணத்தை அரசு ஈடுகட்டும் என்று முடிவானது. பத்து வருடங்களுக்கு முன் பெர்க்லியில் சேர்ந்த ஒரு அண்ணன் சொல்லும் அறிவுரை இன்றைய பிள்ளைக்கு ஏன் பொருந்துவதில்லை என்பதற்கு இதுவே காரணம். அவர் நுழைந்தபோது வாசல் விரிந்துகொண்டிருந்தது, இப்போது சுருங்குகிறது.

சரி, இது முதல் வாசல். இதைத் தாண்டியவர்களுக்கு முன்னால் இரண்டாவது நிற்கிறது.

அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் எண்ணிக்கை எப்படி வீங்கியது என்று கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன் 2017 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முனைவர் பட்டம் வழங்கும் துறைகளில் 2006 இலிருந்து 2015 க்குள் சராசரி மாணவர் எண்ணிக்கை மூன்று மடங்கு ஆகியிருந்தது. அதற்குப் பிறகும் அது ஏறிக்கொண்டேதான் போனது. ஆனால் பேராசிரியர்கள் மூன்று மடங்கு ஆகவில்லை. ஆகவும் முடியாது. கம்ப்யூட்டர் சயின்ஸில் முனைவர் பட்டம் முடித்தவரை கூகுளும் என்விடியாவும் கூப்பிடும் சம்பளத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் கூப்பிட முடியாது. அப்படியே ஆள் கிடைத்தாலும் வகுப்பறை, ஆய்வகம், வினாத்தாள் திருத்த உதவியாளர் என்று ஒவ்வொன்றும் அடைத்துக்கொள்கிறது. அதனால் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்கைக்கு வரம்பு கட்டின.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாசலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காட்ட முடியாது. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையின் பெயர் பால் ஜி. ஆலன் பள்ளி. மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன் 2017 இல் 4 கோடி டாலர் கொடுத்தார், மைக்ரோசாஃப்ட் அவர் பெயரில் இன்னொரு கோடி கொடுத்தது. 2019 இல் கேட்ஸ் பெயரில் புதுக் கட்டடம் திறந்தார்கள். கூடுதல் இடங்களுக்கு மாநில அரசும் பணம் ஒதுக்கியது. ஆனால் வாஷிங்டன் சட்டசபை அந்தப் பணத்தைக் கொடுத்தது வாஷிங்டன் பிள்ளைகளுக்காக. ரெட்மண்டிலும் பெல்வியூவிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், யாக்கிமாவில் ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், இவர்கள்தான் அந்த இடங்களின் உரிமையாளர்கள்.

விளைவு என்ன? அந்தப் பல்கலைக்கழகம் ஒட்டுமொத்தமாக விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு நாற்பதை ஒட்டிய பேருக்கு இடம் தருகிறது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நம் வீடுகளில் "யூடபிள்யூ (வாஷிங்டன் பல்கலைக்கழகம்) பாதுகாப்பான இடம்", அதாவது எப்படியும் கிடைத்துவிடும் என்று பட்டியலில் எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸை முதல் விருப்பமாகப் போடுகிறவர்களில், அண்மை ஆண்டுகளில் வாஷிங்டன் மாணவர்களில் நான்கில் ஒருவருக்காவது இடம் கிடைத்திருக்கிறது. வெளி மாநிலத்தவரில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேருக்கு. ஹார்வர்டின் சேர்க்கை விகிதமும் ஏறக்குறைய இதுதான். ஹார்வர்டைக் கனவு என்று வகைப்படுத்தும் அதே அப்பா, அதே தாளில் இதைப் பாதுகாப்பான இடம் என்று எழுதியிருப்பார். தப்பு அவர்மேல் இல்லை. பார்த்த எண் சரியான எண், பொருத்திய இடம்தான் தவறு.

இல்லினாய் அர்பானா ஷாம்பெய்னும் இப்படித்தான். பல்கலைக்கழகம் முழுவதற்கும் நீண்ட காலம் நாற்பதுக்கு மேல் இருந்த விகிதம், பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வரும்போது ஆறு, ஏழாக இறங்கிவிடுகிறது. இது உள்ளூர், வெளியூர் எல்லாரையும் சேர்த்த எண். இல்லினாயைப் பாராட்ட ஒன்று இருக்கிறது: பாடவாரியாக எத்தனை சதவீதம் என்று அவர்களே வெளிப்படையாகப் போடுகிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் போடுவதில்லை. பல பல்கலைக்கழகங்கள் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பதெல்லாம் இருக்கும். உள் மாநிலம், வெளி மாநிலம் என்று பிரித்தும் பல இடங்களில் இருக்கும். பாடவாரியாக இருக்காது. அதாவது நமக்கு எது மிகவும் வேண்டுமோ அது அதில் இல்லை.

ஜார்ஜியா டெக்கின் எண்கள் முதல் வாசலை மட்டும் காட்டுபவை. 2024 இல் ஜார்ஜியா மாணவர்களில் மூன்றில் ஒருவருக்கு இடம், வெளியிலிருந்து விண்ணப்பித்தவர்களில் பத்தில் ஒருவருக்கு. பொறியியலும் கம்ப்யூட்டிங்கும்தான் அந்தக் கல்லூரியின் உயிர் என்பதால், அந்தப் பத்தில் ஒன்றைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் விண்ணப்பதாரர் தனக்கும் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த இடத்தில் கணக்குத் தெரிந்த அப்பாக்கள் ஒரு வாதம் வைப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து சதவீத வாய்ப்பு என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு இடங்களுக்குப் போட்டால் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 46 சதவீதம் ஆகிறதே, பரவாயில்லையே என்பார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் அந்தப் பெருக்கல் பகடை உருட்டுவதற்குப் பொருந்தும், விண்ணப்பத்துக்குப் பொருந்தாது. பன்னிரண்டு இடங்களிலும் போய் நிற்பது ஒரே பிள்ளை, ஒரே மதிப்பெண் பட்டியல், ஏறக்குறைய ஒரே கட்டுரை. ஓரிடத்தில் அது ஏன் எடுபடவில்லையோ அதே காரணத்துக்காக அடுத்த இடத்திலும் எடுபடாமல் போகும். அதோடு அந்த ஐந்து சதவீதம் என்பது மொத்தக் கூட்டத்துக்கான சராசரி. விளையாட்டு வீரர்கள், தேசிய அளவில் ஒலிம்பியாட் வென்றவர்கள் எல்லாரையும் எடுத்தபின் மிஞ்சுவது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. 1550 வாங்கிய பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிசையில் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவர்களும் 1550 வாங்கியவர்கள். மதிப்பெண் அங்கே வரிசையில் நிற்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள் எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஜார்ஜியா டெக், ஆஸ்டின், பர்டியூ எல்லாம் கேட்கின்றன.

இன்னொரு நம்பிக்கையையும் நான் அடிக்கடி கேட்கிறேன். நம் பிள்ளை இந்தியப் பிள்ளை என்பதால்தான் தள்ளிவிட்டார்கள் என்பது அது. ஹார்வர்டையும் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தையும் பற்றி அந்த வாதம் நீதிமன்றம்வரை போய், 2023 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் முடிந்தது. ஆனால் நாம் பேசும் அரசுப் பல்கலைக்கழகங்களில் பலவற்றுக்கு அது பல காலமாகவே பொருந்தாது. கலிஃபோர்னியா 1996 இலும் வாஷிங்டன் 1998 இலும் மிச்சிகன் 2006 இலும் வாக்கெடுப்பு நடத்தி, அரசுக் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று முடிவு செய்துவிட்டன. சியாட்டிலில் இடம் கிடைக்காத கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோப் பிள்ளையும் பெர்க்லியில் இடம் கிடைக்காத சியாட்டில் பிள்ளையும் தோற்றது முகவரியாலும் தேர்ந்தெடுத்த பாடத்தாலும்தான். இதைப் பிள்ளையிடம் சொல்லும்போது கவனமாகச் சொல்ல வேண்டும். உன் தோற்றத்தால் உனக்கு இடமில்லை என்ற எண்ணத்தோடு ஒரு பதினேழு வயதுப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது பெரிய பாரம், அதுவும் அது உண்மையாக இல்லாதபோது.

சரி, பின்வாசல் உண்டா? வேறொரு பாடத்தில் சேர்ந்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்று பல பேர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது நடந்தது. பெர்க்லியின் கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்து, குறிப்பிட்ட சில பாடங்களில் நான்குக்கு 3.3 சராசரி எடுத்தால் கம்ப்யூட்டர் சயின்ஸை அறிவித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2023 முதல் அது போய்விட்டது. இப்போது விண்ணப்பிக்கும்போதே அந்தப் பாடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், உள்ளே வந்தபின் மாறுவது மிகக் கடினம். சியாட்டிலிலும் அப்படியே. பர்டியூவில் பாடம் மாறுவதற்குக் கோடோ என்று பெயர், மாணவர்கள் அந்தச் சொல்லைப் பெருமூச்சோடுதான் சொல்வார்கள். இடமிருந்தால் மட்டும் என்ற நிபந்தனை கம்ப்யூட்டர் சயின்ஸ் கோடோவுக்கு உண்டு, அங்கே இடம் அரிதாகத்தான் இருக்கும். ஆகவே "முதலில் நுழைந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. பிடிக்காத பாடத்தில் மாட்டிக்கொண்டு வெளி மாநிலக் கட்டணம் கட்டுவது இருக்கிறதே, கிடைக்கவில்லை என்பதைவிட அது பெரிய துன்பம்.

இதற்கு விலக்காக ஒன்றைச் சொல்வேன். இல்லினாயில் கம்ப்யூட்டர் சயின்ஸோடு இன்னொரு துறையைச் சேர்த்துப் படிக்கும் பட்டங்கள் இருக்கின்றன. வானியல், வேதியியல், மானுடவியல், மொழியியல் என்று நீளும் பட்டியல். இவற்றைப் பின்வாசலாகப் பார்க்கிற பெற்றோர்கள் உண்டு. எனக்கு அது வருத்தமாக இருக்கும். ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளிக்கு வந்து, வல்லினம் மிகும் இடமும் மிகா இடமும் ஏன் என்று கேட்டு ஆசிரியரைத் துளைக்கும் பிள்ளை ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸும் மொழியியலும் சேர்ந்த பட்டம் அந்தப் பிள்ளைக்காகவே செய்தது. அதன் கட்டுரையில் பொய் இருக்காது, படிப்பவருக்கும் அது தெரியும். ஆனால் மொழியியலில் துளியும் ஆர்வமில்லாத பிள்ளையை அதில் தள்ளினால் அதுவும் தெரியும். கணினிப் பொறியியல், புள்ளியியல், தரவு அறிவியல், கணிதத்தோடு சேர்ந்த கணினியியல் ஆகியவற்றுக்கும் இதையே சொல்வேன். பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்தால் நல்ல வழிகள்.

இவ்வளவு சொன்னதும் வெளி மாநிலத்துக்கே போக வேண்டாம் என்கிறேனா? இல்லை. வாசல் அகலமாக இருக்கும் மாநிலங்களும் இருக்கின்றன. ஏன் அகலமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை சிறியதாக இருக்கும் மாநிலமோ, வெளியாட்களின் கட்டணத்தை நம்பி வளரத் தீர்மானித்த பல்கலைக்கழகமோ நம்மை வரவேற்கும். இண்டியானாவில் உள்ள பர்டியூ இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவில் முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை 1962 இல் தொடங்கியது அங்கேதான். இளநிலை மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இண்டியானாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். 2013 முதல் கட்டணத்தை ஏற்றாமலே வைத்திருக்கிறார்கள்: உள்ளூர்க்காரருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்குச் சற்றுக் கீழே, வெளி மாநிலத்தவருக்கு 29,000 க்குச் சற்றுக் கீழே. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அங்கேயும் போட்டி கடுமைதான், அதைப் பாதுகாப்பான இடம் என்று எழுதிவிட வேண்டாம். ஆனால் முதல் வாசல் சேப்பல் ஹில் மாதிரி இறுகிக் கிடக்கவில்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள்: சியாட்டிலில் வெளி மாநிலத்தவருக்குக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும், உள்ளூர்க்காரருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கலிஃபோர்னியாவில் வழக்கமான கட்டணத்தோடு வெளியாட்களுக்கென்று தனியாக 34,000 டாலருக்கு மேல் சேர்கிறது, தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தால் பெர்க்லியின் ஆண்டுச் செலவு 80,000 ஐத் தாண்டிவிடும். அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் படிப்பு உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிடைப்பதைவிட மூன்று மடங்கு சிறந்ததா என்று கேட்டால், ரட்கர்ஸிலும் மேரிலாந்திலும் ஒஹாயோ ஸ்டேட்டிலும் படித்து வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்தால், இல்லை என்றுதான் சொல்வேன்.

உதவித்தொகையோடு வெளியே போகிற வழிகளும் உண்டு, நம் வீடுகளில் அவற்றைப் பற்றிப் பேசுவது குறைவு. டெக்சஸில் ஒரு சட்டம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் போட்டியிட்டு ஆண்டுக்கு 1,000 டாலராவது உதவித்தொகை வாங்கும் வெளி மாநில மாணவரிடம், உள்ளூர்க் கட்டணமே வாங்கிக்கொள்ளலாம் என்கிறது அது. டாலஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் இதைப் பயன்படுத்தி நல்ல மாணவர்களை இழுக்கிறது. மேற்கு மாநிலங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு, அதில் சேர்ந்த கல்லூரிகள் பக்கத்து மாநிலப் பிள்ளையிடம் உள்ளூர்க் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்காது. எந்தப் பாடத்துக்கு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும், பல இடங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸை அதிலிருந்து விலக்கி வைத்திருப்பார்கள். அலபாமா பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து, தானாகவே பெரிய உதவித்தொகை கொடுக்கும். அங்கே படிப்பவர்களில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தவர்தான். அரிசோனா ஸ்டேட், யாரைத் தள்ளினோம் என்பதை வைத்து அல்ல, யாரைச் சேர்த்துக்கொண்டோம் என்பதை வைத்து எங்களை அளந்துகொள்வோம் என்று தன் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இடம் தருகிறது. இந்தப் பெயர்களைச் சொன்னால் சில முகங்கள் சுருங்கும். என் பிள்ளைக்கு வயது வந்தபோது நானும் முதலில் சுருக்கினேன். அங்கே சிறந்த மாணவர்களுக்கென்று உள்ள ஹானர்ஸ் கல்லூரிகளின் பாடத்திட்டத்தை உட்கார்ந்து படித்தபின் அந்தச் சுருக்கம் போய்விட்டது.

கடைசியாக, நம்மில் பலருக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கல். எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகள், அவர்களைச் சார்ந்தவர்களுக்கான எச்-4 விசாவில் இருப்பார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்திருப்பார்கள், கிரீன் கார்டு வரிசை மட்டும் இந்தியர்களுக்கு நகராது. இந்தப் பிள்ளைகளுக்கு எந்த மாநிலம் உள் மாநிலம்? பல மாநிலங்களில், பெற்றோர் அங்கேயே நிலையாக வசித்தால், எச்-4 பிள்ளையும் உள்ளூர்க்காரராகவே கருதப்படும். ஆனால் சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக் கணக்கில் வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைக்கும். இரண்டும் வேறு வேறு அலுவலகங்களின் முடிவு என்பதால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். மத்திய அரசின் கல்வி உதவித்தொகை எச்-4 பிள்ளைக்குக் கிடையாது. அப்பாவுக்கு வேலை மாறி, பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையில் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சஸுக்கு வீடு மாற்றினால், பெரும்பாலான மாநிலங்கள் கேட்கும் பன்னிரண்டு மாத வசிப்பு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும் என்பதைப் பொறுத்து ஓராண்டுக்குப் பல்லாயிரம் டாலர் கூடும் அல்லது குறையும். வேலை மாற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் பார்க்கிற குடும்பங்கள் மிகக் குறைவு.

இதைவிடப் பெரியது 21 வயது. அந்தப் பிறந்தநாளோடு எச்-4 முடிந்துவிடும். பிள்ளை எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். மாறியபின் பல மாநிலங்களில் உள்ளூர்க் கட்டணத் தகுதி போய்விடும், படிப்பு பாதியில் இருக்கும். மூன்றாம் ஆண்டு வரை ஒரு கட்டணம், நான்காம் ஆண்டில் அதைப்போல மூன்று மடங்கு. கல்லூரி தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பிள்ளையின் பிறந்த தேதியை எடுத்து, எந்தப் பருவத்தில் 21 ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பருவத்துக்குப் பிறகு கட்டணம் என்ன ஆகும் என்று குடியிருப்புத் தகுதியைத் தீர்மானிக்கும் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன வார்த்தையை நான்கு வருடம் கழித்து யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதையெல்லாம் செய்ய ஆகஸ்ட் மாதம் சரியானது. பர்டியூவுக்கும் இல்லினாய்க்கும் முன்கூட்டிய விண்ணப்பம் நவம்பர் முதல் நாளில் முடியும், சியாட்டில் நவம்பர் நடுவில், கலிஃபோர்னியா நவம்பர் கடைசியில். எந்தப் பல்கலைக்கழகமானாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடி ஒரே தாளில் எழுதுங்கள்: வெளி மாநிலத்தவருக்கு வரம்பு உண்டா, கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரடியாக எத்தனை பேரை எடுக்கிறார்கள், உள்ளே போனபின் பாடம் மாற வழி இருக்கிறதா. தாளை எழுதும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். எண்களைத் தன் கையால் எழுதிய பிள்ளைக்கு மார்ச்சில் வரும் கடிதம் எந்த வாசலில் நின்றுவிட்டது என்று தெரிந்திருக்கும்.